மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவைத் தேடும் மூலக்கூறு முன்பரிசோதனை

மருத்துவமனையில் சேரும் ஒருவர், ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவைத் தம் உடலில் சுமந்து வருகிறாரா என்பதை, அந்தப் பாக்டீரியாவின் மரபணுவைத் தேடிக் கண்டறியும் சோதனையே மூலக்கூறு முன்பரிசோதனை ஆகும். மூக்குத் துளை, தொண்டை, கவட்டி, மலக்குடல் ஆகிய இடங்களில் ஒன்றிலிருந்தோ பலவற்றிலிருந்தோ பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கப்படுகிறது. எந்தப் பாக்டீரியாவைத் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்து இடம் மாறும். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் செய்முறை புதிதாகத் தோன்றாது. அங்கே தேடப்பட்டது ஒரு வைரஸ். இங்கே தேடப்படுவது, மருந்தை வெல்லும் வழியைப் பாக்டீரியாவுக்குக் கற்றுத்தரும் மரபணு.

இது நோயைக் கண்டறியும் சோதனை அன்று. காய்ச்சல், சீழ், புண் என எந்த அறிகுறியும் இல்லாதவருக்கும் இது செய்யப்படுகிறது. அவருக்குச் சிகிச்சை அளிப்பது இதன் முதல் நோக்கமும் அன்று. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைக் காப்பதும், சோதிக்கப்பட்டவருக்கே பின்னர் அறுவை சிகிச்சை நடந்தால் தவறான மருந்து கொடுக்காமல் இருப்பதும்தான் நோக்கம். இந்த வேறுபாடு தெளிவானால்தான், இச்சோதனையைச் சுற்றி மருத்துவ உலகில் நடந்துவரும் நீண்ட வாதம் புரியும்.

சுமப்பவரும் நோயாளியும்

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா, நலமாக இருக்கும் மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் குடியிருக்கிறது. அவர்களுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. தோல் கிழிந்து உள்ளே புகுந்தாலோ, ஊசிக்குழாய் வழியாக இரத்தத்தில் கலந்தாலோதான் அது பகையாகிறது. இப்படித் தொல்லை இன்றிக் குடியிருக்கும் நிலையைக் 'குடியேற்றம்' என்றும், உடலைத் தாக்கும் நிலையைத் 'தொற்று' என்றும் மருத்துவ நூல்கள் பிரித்துச் சொல்கின்றன. குடியேற்றம் மட்டும் உள்ளவர் சுமப்பவர் ஆவார். அவர் நோயாளி அல்லர்.

இந்தப் பாக்டீரியாவுக்கு எதிராகப் பென்சிலின் தோற்கத் தொடங்கிய பின், 1959இல் மெத்திசிலின் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டிலேயே, அதற்கும் கட்டுப்படாத வகை இங்கிலாந்தில் இருப்பதைப் பட்ரீசியா ஜெவன்ஸ் அறிவித்தார். புதிய மருந்துக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான். அந்த வகையே எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது. மெத்திசிலினை இன்று யாரும் சிகிச்சைக்குப் பயன்படுத்துவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நடைமுறையில் இதன் பொருள், கிளாக்சசிலின் போன்ற பென்சிலின் குடும்ப மருந்துகளும் பெரும்பாலான செஃபலோஸ்போரின் மருந்துகளும் அந்தப் பாக்டீரியாவிடம் பலிக்காது என்பதாகும்.

மூக்கில் வாழ்வது ஒரு வகை என்றால், குடலில் வாழும் கிளெப்சியெல்லா, ஈ. கோலை முதலியவை இன்னொரு வகை. இவற்றில் சில, கடைசிக் கட்டத்தில் பயன்படும் கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் நொதிகளைப் பெற்றுவிட்டன. குடலில் இருக்கும்வரை சுமப்பவருக்கு எதுவும் தெரியாது.

வளர்த்துப் பார்ப்பதில் உள்ள தாமதம்

மருத்துவமனைகளில் 'கல்ச்சர்' என்று சொல்லப்படும் வளர்ப்புச் சோதனை, பஞ்சுக்குச்சியில் ஒட்டிய பாக்டீரியாவுக்கு உணவு கொடுத்து, கண்ணுக்குத் தெரியும் கூட்டமாக வளர்த்துப் பார்ப்பது. எதிர்ப்புள்ள வகை மட்டும் ஒரு குறிப்பிட்ட நிறத்தில் வளரும்படி செய்யப்பட்ட தட்டுகள் உள்ளன. இவை மலிவானவை, நம்பகமானவை. ஆயினும் பாக்டீரியா தன் வேகத்தில்தான் பெருகும். அதை அவசரப்படுத்த முடியாது. முடிவு வர ஒரு நாள் முதல் இரண்டு மூன்று நாள் வரை ஆகும்.

அந்த நாட்களில் சுமப்பவர் பொது வார்டில் இருப்பார். செவிலியர் அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, கை கழுவ நேரமின்றி அடுத்த கட்டிலுக்குப் போகலாம். கட்டிலின் பக்கக்கம்பி, கழிப்பறைக் கைப்பிடி, மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் ஆகிய எல்லாம் வழிகளே. முடிவு வருவதற்குள் அவர் வீடு திரும்பியிருப்பதும் உண்டு. இந்தத் தாமதத்தைக் குறைக்கவே மூலக்கூறு முறை கொண்டுவரப்பட்டது.

மரபணுவைப் பெருக்குதல்

பாக்டீரியாவைப் பெருக்குவதற்குப் பதிலாக அதன் டி.என்.ஏ.வின் ஒரு துண்டை மட்டும் பெருக்குவதே பி.சி.ஆர். முறை. 1983இல் இதைக் கண்டறிந்த கேரி முல்லிஸ், 1993இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாதிரியைச் சுமார் 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரிகின்றன. சற்றுக் குளிரச் செய்தால், தேடும் பகுதியின் இரு முனைகளிலும் போய் ஒட்டும்படி தயாரிக்கப்பட்ட சிறு துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு ஒரு நொதி, ஒவ்வோர் இழைக்கும் துணை இழையை நெய்கிறது. ஒன்று இரண்டாகிறது. மறுபடி சூடு, மறுபடி குளிர்ச்சி: இரண்டு நான்காகிறது. மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 30 சுற்று முடிந்தால், ஒரே ஒரு துண்டிலிருந்து 107 கோடிக்கு மேற்பட்ட படிகள் கிடைக்கும். இவ்வளவு சூட்டிலும் கெடாத நொதி, வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் அதைக் கண்டவர்கள், மருத்துவமனைச் சோதனைக்கு அது உதவும் என்று நினைத்துத் தேடவில்லை.

தேடும் துண்டு பெருகப் பெருக ஒளிரும்படி சாயங்கள் சேர்க்கப்படுவதால், கருவி அதை அவ்வப்போதே காட்டிவிடும். மாதிரியை ஒரு பெட்டகத்தில் ஊற்றிக் கருவிக்குள் செருகினால், ஒரு மணி நேர அளவில் முடிவு தரும் கருவிகள் வந்துவிட்டன. இந்தியாவில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யும் சிபிநாட் கருவி இந்த வகையைச் சேர்ந்ததே. காசநோய்க் கிருமியையும், அது ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதையும் ஒருங்கே சொல்லும் அந்தச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அதே கருவியில் வேறு பெட்டகத்தை வைத்தால் எம்.ஆர்.எஸ்.ஏ.வையோ, கார்பபெனெம் எதிர்ப்பு மரபணுக்களையோ தேடலாம்.

எந்தத் துண்டைத் தேடுவது?

பெருக்குவது எளிது, எதைப் பெருக்குவது என்று முடிவு செய்வதே கடினம். எம்.ஆர்.எஸ்.ஏ.வின் எதிர்ப்புக்குக் காரணம் மெக்-ஏ என்னும் மரபணு. பென்சிலின் குடும்ப மருந்துகள், பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதங்களில் ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தை நிறுத்துகின்றன. மெக்-ஏ தரும் மாற்றுப் புரதத்தில் இம்மருந்துகள் எளிதில் ஒட்டுவதில்லை. சுவர் தொடர்ந்து கட்டப்படுகிறது.

அப்படியானால் மூக்கு மாதிரியில் மெக்-ஏவைத் தேடினால் போதாதா? போதாது. மனிதத் தோலிலும் மூக்கிலும் வாழும் வேறு ஸ்டெஃபிலோகாக்கஸ் இனங்களிலும் மெக்-ஏ பரவலாக உள்ளது. அவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஒருவர் மூக்கில் மருந்துக்குக் கட்டுப்படும் ஆரியசும், மெக்-ஏ உள்ள தீங்கற்ற இனமும் சேர்ந்தே இருக்கலாம். மாதிரியில் ஆரியசின் மரபணுவும் தெரியும், மெக்-ஏவும் தெரியும். ஒரே அறையில் ஒரு திருடனும் ஒரு கள்ளச்சாவியும் கிடைத்தால், சாவி அவன் பையிலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்வது? கூட்டத்தில் வேறொருவருடையதாகவும் இருக்கலாம்.

இதற்குக் கிடைத்த தீர்வு அழகானது. மெக்-ஏ தனியாக வருவதில்லை. ஒரு பெரிய டி.என்.ஏ. பொதியின் பகுதியாக வருகிறது. அந்தப் பொதி, ஆரியசின் மரபணுத் தொகுதியில் எப்போதும் ஒரே இடத்தில்தான் போய்ச் செருகிக்கொள்கிறது. ஆகவே பொதியின் ஓரமும் ஆரியசுக்கே உரிய பகுதியும் சந்திக்கும் 'தையலை'த் தேடினால், இரண்டும் ஒரே செல்லில் இருப்பது உறுதியாகும். கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட இம்முறையே, வணிக அளவில் வந்த முதல் தலைமுறைச் சோதனைகளுக்கு அடிப்படையானது.

பாக்டீரியா அங்கேயும் நிற்கவில்லை. சில ஆரியஸ் வகைகளில் பொதி இருக்கிறது, உள்ளே இருந்த மெக்-ஏ மட்டும் உதிர்ந்துவிட்டது. தையல் தெரியும், சோதனை 'உண்டு' என்று சொல்லும், ஆனால் அந்தப் பாக்டீரியா சாதாரண மருந்துக்கே கட்டுப்படும். வேறு சில வகைகளில் பொதியின் ஓரம் மாறிவிட்டதால் தையல் அகப்படாமல் போகிறது. 2011இல், மெக்-சி என்னும் வேறுபட்ட மரபணு பசும்பாலிலும் மனிதர்களிலும் கண்டறியப்பட்டபோது, அதுவரை புழங்கிய பல சோதனைகளால் அதைப் பார்க்கவே முடியவில்லை. பிற்காலச் சோதனைகள் தையலையும் மரபணுக்களையும் சேர்த்தே தேடுகின்றன. எவ்வளவு திருத்தினாலும் மூலக்கூறு சோதனைக்கு ஓர் இயல்பு மாறாது. அது தெரிந்ததை மட்டுமே தேடும். பட்டியலில் இல்லாத புதிய எதிர்ப்பு அதன் கண்ணில் படாது. வளர்ப்புத் தட்டில், காரணம் தெரியாவிட்டாலும், மருந்துக்கு நடுவே வளர்ந்து நிற்கும் பாக்டீரியா கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையும் பி.சி.ஆர். காட்டும் என்பது மற்றொரு குறை. களிம்பு பூசிப் பாக்டீரியாவை அகற்றிய பின் உடனே சோதித்தால், எச்சம் தெரிந்து 'இன்னும் உள்ளது' என்று வரலாம். இக்காரணங்களால் வளர்ப்புச் சோதனையைக் கைவிட்ட ஆய்வகங்கள் குறைவு. வேகத்துக்கு ஒன்று, உறுதிக்கு ஒன்று என இரண்டும் பக்கம்பக்கமாக நடக்கின்றன. எந்த மருந்து பலிக்கும் என்று சோதிக்கவும் உயிருள்ள பாக்டீரியாவே வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

சோதனை எவ்வளவு சரியானது என்ற கேள்விக்கு விடை, கருவியில் மட்டும் இல்லை. யாரிடம் சோதிக்கிறோம் என்பதிலும் உள்ளது. எடுத்துக்காட்டுக்காக ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். சுமப்பவர் 100 பேரில் 95 பேரைச் சரியாகப் பிடிக்கும். சுமக்காதவர் 100 பேரில் 95 பேரைச் சரியாக விடுவிக்கும்.

1,000 பேர் சேரும் மருத்துவமனையில் 2 விழுக்காட்டினர், அதாவது 20 பேர் சுமப்பவர்கள் என்க. அவர்களில் 19 பேர் பிடிபடுவர். மீதி 980 பேரில் 49 பேருக்குத் தவறாக 'உண்டு' என வரும். மொத்தம் 68 பேரிடம் 'உண்டு' என்று சொல்லப்படும். அவர்களில் உண்மையாகச் சுமப்பவர் 19 பேரே, நூற்றுக்கு 28தான். அதே சோதனையை, 20 விழுக்காட்டினர் சுமக்கும் இடத்தில் செய்தால், 'உண்டு' எனப்படும் 230 பேரில் 190 பேர் உண்மையாகவே சுமப்பவர்கள்; நூற்றுக்கு 83.

கருவி ஒன்றே, விடையின் மதிப்பு வேறு. ஆனால் முதல் இடத்தில் 'இல்லை' என்று வந்த 932 பேரில் தவறிப்போனவர் ஒருவரே. சுமப்பவர் குறைவாக உள்ள இடத்தில் இச்சோதனையின் உண்மையான வலிமை 'இல்லை' என்று சொல்வதில்தான் இருக்கிறது. இதை நன்கு பயன்படுத்தும் நாடு நெதர்லாந்து. வெளிநாட்டு மருத்துவமனையில் இருந்து வந்தவர், பன்றிப் பண்ணையில் வேலை செய்பவர் போன்றோரை அங்கே முதலிலேயே தனி அறையில் வைத்துவிடுகிறார்கள், பிறகு சோதிக்கிறார்கள். விரைவான 'இல்லை' என்ற விடை, அவரைத் தனிமையிலிருந்து விடுவிக்கிறது. பல ஆண்டுகளாக அந்நாட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. மிகக் குறைவாகவே இருந்துவருகிறது.

எல்லோரையும் சோதித்தால் தொற்று குறையுமா?

2008ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்று ஆய்வுகள், ஒன்றுக்கொன்று முரண்பட்ட விடைகளைத் தந்தன.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் 21,754 அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு பெரியது. சில வார்டுகளில் சேரும்போதே விரைவு பி.சி.ஆர். செய்யப்பட்டது, வேறு சிலவற்றில் வழக்கமான கட்டுப்பாடு மட்டும். பிறகு வார்டுகள் இடம் மாற்றிக்கொண்டன. சோதனைக் காலத்தில் 515 சுமப்பவர்கள் கண்டறியப்பட்டனர். அவர்களில் 337 பேரைப் பற்றி அதுவரை யாருக்கும் தெரியாது. சோதனை தன் வேலையைச் செய்தது. ஆனால் மருத்துவமனையில் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றுக்கு ஆளானவர்கள் சோதனைக் காலத்தில் 93 பேர், சோதனை இல்லாத காலத்தில் 76 பேர். தொற்று குறையவில்லை. அந்த 93 பேரில் 53 பேர், சேரும்போது எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லாதவர்கள், மருத்துவமனையில் இருக்கும்போதே பெற்றவர்கள். வாசலில் நிற்கும் காவலர் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும், வீட்டுக்குள் நடப்பதை அவரால் தடுக்க முடியாது.

லண்டனில் பத்து வார்டுகளில் நடந்த ஆய்வு, விரைவுச் சோதனையையும் வளர்ப்புச் சோதனையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. முடிவு கிடைக்கும் நேரம் 46 மணியிலிருந்து 22 மணியாகக் குறைந்தது. புதிதாக எம்.ஆர்.எஸ்.ஏ. பெற்றவர்களின் அளவு வளர்ப்பு முறையில் 3.2 விழுக்காடு, விரைவு முறையில் 2.8 விழுக்காடு, புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடே அன்று. இங்கே கவனிக்க வேண்டியது அந்த 22 மணி நேரம். கருவிக்குள் சில மணி நேரமே ஆகும் சோதனை அது. மீதி நேரம், மாதிரி எடுக்க ஆள் வரவும், அது ஆய்வகம் போய்ச் சேரவும், முடிவு வார்டுக்குத் திரும்பவும் செலவாகிவிடும். விற்பனைக் கையேட்டில் அச்சிடும் ஒரு மணி நேரத்தை நம்பிக் கருவி வாங்கும் நிர்வாகிகள் முதலில் அளக்க வேண்டியது தம் மருத்துவமனையின் தாழ்வாரத்தை.

மூன்றாவது ஆய்வு அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் எவன்ஸ்டனைச் சார்ந்த மூன்று மருத்துவமனைகளில் நடந்தது. அங்கே சேரும் அனைவரையும் சோதித்து, சுமப்பவர்களைத் தனிமைப்படுத்தி, பாக்டீரியாவை அகற்றும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 10,000 நோயாளி நாட்களுக்கு 8.9 ஆக இருந்த எம்.ஆர்.எஸ்.ஏ. நோய் 3.9 ஆகக் குறைந்தது. ஆனால் இது சோதனைக்கு முன், பின் என்று காலத்தை ஒப்பிட்ட ஆய்வு. ஒரே காலத்தில் சோதனை இல்லாத வார்டுகளோடு ஒப்பிடவில்லை. அதே ஆண்டுகளில் நடந்த வேறு மாற்றங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இந்த வாதத்துக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு விடை 2013இல் வந்தது. அமெரிக்காவில் 43 மருத்துவமனைகளின் 74 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 74,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் மூன்று வழிகள் ஒப்பிடப்பட்டன. முதல் வழி, சோதித்துத் தனிமைப்படுத்துவது. இரண்டாவது, சோதித்து, சுமப்பவருக்கு மட்டும் பாக்டீரியாவை அகற்றுவது. மூன்றாவது, யாரையும் சோதிக்காமல், எல்லோருக்குமே மூக்கில் மியூபிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் தோய்த்த துணியால் தினமும் உடல் துடைப்பும். மூன்றாவது வழியே முந்தியது. எம்.ஆர்.எஸ்.ஏ. கண்டறியப்படுவது 37 விழுக்காடும், எந்தக் கிருமியாலானாலும் இரத்தத் தொற்று 44 விழுக்காடும் குறைந்தன. சோதனையே இல்லாத வழி, சோதனையை வென்றுவிட்டது. எல்லோருக்கும் களிம்பு தடவினால் அந்த மருந்துக்கும் எதிர்ப்பு வளராதா என்ற அச்சம் இதன் மறுபக்கம். அது இன்னும் தீராத கேள்வி.

இங்கிலாந்து இந்தப் பாதை முழுவதையும் நடந்து பார்த்தது. திட்டமிட்ட சிகிச்சைக்கு வருவோரை 2009 முதலும், அவசரமாகச் சேர்வோரை 2010 முடிவிலிருந்தும் அனைவரையும் சோதிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. 2014இல், செலவுக்கேற்ற பயன் இல்லை எனக் கண்டு, ஆபத்து மிகுந்தவர்களையும் சில சிறப்புப் பிரிவுகளையும் மட்டும் சோதிக்கலாம் என மாற்றிக்கொண்டது. கொள்கையைத் திருத்திக்கொள்ள ஓர் அரசு முன்வந்ததைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

குடல் பாக்டீரியா: கணக்கு மாறும் இடம்

எம்.ஆர்.எஸ்.ஏ.வைப் பொறுத்தவரை வான்கோமைசின் முதலிய மருந்துகள் கைவசம் உள்ளன. மூக்கிலிருந்து அதை அகற்றவும் வழி உண்டு. கார்பபெனெம் மருந்துக்குக் கட்டுப்படாத குடல் பாக்டீரியாவுக்கு இரண்டும் அரிது. குடலிலிருந்து அதைத் துடைத்தெடுக்க நம்பகமான சிகிச்சை இல்லை. இரத்தத்தில் புகுந்துவிட்டால் மிஞ்சும் மருந்துகள் சிலவே. எதிர்ப்பு மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கும் தாவும். எனவே பாக்டீரியாவின் இனத்தைத் தேடாமல் மரபணுவையே தேடும் மூலக்கூறு முறை இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. மலக்குடல் மாதிரியில் கே.பி.சி., என்.டி.எம்., விம், இம்ப், ஆக்சா-48 ஆகிய ஐந்து வகை மரபணுக்களையும் ஒருசேரத் தேடும் பெட்டகங்கள் புழக்கத்தில் உள்ளன.

ஆயினும் கண்டறிவது மட்டும் காப்பாகாது என்பதை அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழக மருத்துவமனையில் 2011இல் நடந்தது காட்டுகிறது. அந்த ஆண்டு ஜூனில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த ஒரு நோயாளி, கே.பி.சி. உள்ள கிளெப்சியெல்லாவைச் சுமந்திருப்பது வரும்போதே தெரிந்திருந்தது. தனிமைப்படுத்தினார்கள். அவர் வீடு திரும்பிய பின் மூன்று வாரம் வரை யாருக்கும் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பிடிபட்டனர். அவரையும் சேர்த்து மொத்தம் 18 பேர். 11 பேர் இறந்தனர். அவர்களில் 6 பேரின் இறப்புக்கு இத்தொற்றே காரணம் எனக் கணிக்கப்பட்டது. பாக்டீரியாக்களின் முழு மரபணு வரிசையை ஒப்பிட்டபோது, எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்தே கிளைத்தவை என்று தெரிந்தது. இடையில் சிலர், அறிகுறியின்றி வாரக்கணக்கில் சுமந்திருக்கிறார்கள். சுத்தம் செய்யப்பட்ட ஒரு வென்டிலேட்டரிலும், கைகழுவும் தொட்டிகளின் வடிகாலிலும் அந்தப் பாக்டீரியா இருந்தது. சேரும்போது ஒரு முறை சோதித்தால் போதும் என்ற எண்ணம் இதற்குப் பிறகு நிற்கவில்லை. வாரந்தோறும் மறுபடி சோதிப்பது வழக்கமாயிற்று.

இதற்கு மறுமுனையில் இஸ்ரேல். 2006இல் அங்கே கே.பி.சி. நாடு முழுவதும் பரவி, 2007 மார்ச் முடிவில் 27 மருத்துவமனைகளில் 1,275 நோயாளிகள் பாதிக்கப்பட்டிருந்தனர். அரசு ஒரு குழுவை அமைத்து, சுமப்பவர்களைத் தனியே வைக்கவும், அவர்களுக்கென்றே தனிச் செவிலியரை அமர்த்தவும், எண்ணிக்கையை நாள்தோறும் தெரிவிக்கவும் கட்டாயப்படுத்தியது. குழுவினர் மருத்துவமனைகளுக்கு நேரில் போய்ப் பார்த்தனர். மாதத்துக்கு 1,00,000 நோயாளி நாட்களுக்கு 55.5 ஆக இருந்த புதிய பாதிப்பு, 2008 மே மாதத்தில் 11.7 ஆகக் குறைந்தது. அங்கே வென்றது, சோதனையின் விடை கிடைத்தவுடன் செய்ய வேண்டியதைச் செய்ய ஆளும் இடமும் அதிகாரமும் இருந்த ஏற்பாடு.

இந்தியாவில்

என்.டி.எம்.-1 மரபணு, புது தில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் முதலில் கண்டறியப்பட்டது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த ஆய்வில், சென்னையிலிருந்து 44 பாக்டீரியா மாதிரிகளிலும், ஹரியானாவிலிருந்து 26இலும், பிரிட்டனிலிருந்து 37இலும் இது இருந்தது. நகரத்தின் பெயரை மரபணுவுக்கு வைத்ததை இந்தியாவில் பலரும் கண்டித்தனர். அந்தச் சர்ச்சையில் செய்தியின் உள்ளடக்கம் சற்று மறைந்துபோயிற்று. 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, தில்லியில் தேங்கிய கழிவுநீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய்நீர் மாதிரிகள் 50இல் 2இலும் இந்த மரபணுவைக் கண்டது. அதாவது மருத்துவமனை வாசலுக்கு வருமுன்பே மனிதர்கள் இதைச் சுமக்கக்கூடும்.

மேலே போட்ட கணக்கை இங்கே நினைவுகூர வேண்டும். சுமப்பவர் குறைவாக உள்ள நெதர்லாந்தில், பிடிபடும் சிலருக்குத் தனி அறை கொடுப்பது எளிது. ஒரு வார்டில் நாற்பது கட்டில்கள் நெருக்கமாக உள்ள அரசு மருத்துவமனையில், பலர் சுமப்பவர் எனத் தெரிந்தால் எங்கே வைப்பது? தனி அறை இல்லாத இடத்தில் விலையுயர்ந்த சோதனையைச் செய்து, முடிவைக் கோப்பில் வைப்பதால் யாருக்கும் பயனில்லை. ஆகவே எல்லோரையும் சோதிப்பதைவிட, உறுப்பு மாற்றுச் சிகிச்சை, இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை, தீவிர சிகிச்சை ஆகிய பிரிவுகளில் சேர்பவர்களையும், வேறு மருத்துவமனையில் நீண்ட நாள் இருந்துவிட்டு வருபவர்களையும் மட்டும் சோதிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சுமப்பவர்களை ஒரே மூலையில் சேர்த்து வைத்து, அவர்களுக்குத் தனிச் செவிலியர், தனி உபகரணம் என்று ஒதுக்கினாலும் ஓரளவு பயனுண்டு.

2012இல் சென்னையில் கூடிய மருத்துவர் அமைப்புகள் வெளியிட்ட சென்னைப் பிரகடனமும், சில ஆன்டிபயாடிக் மருந்துகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்பதைக் கட்டுப்படுத்த 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையும், எதிர்ப்பு உருவாவதைக் குறைக்கும் முயற்சிகள். அவை வேறு தனிக் கட்டுரைக்கு உரியவை.

'உண்டு' என்று வந்தவருக்கு

சோதனை முடிவு 'உண்டு' என்று வந்தால், அவர் தொற்றுநோயாளி என்று பொருளில்லை. குடல் பாக்டீரியாவைச் சுமப்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. கொடுத்தால், கட்டுப்படும் பாக்டீரியாக்கள் அழிந்து கட்டுப்படாதவற்றுக்கு இடம் பெருகும். தனிமையில் வைக்கப்பட்டவரை மருத்துவரும் செவிலியரும் குறைவாகவே வந்து பார்க்கிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் குறிப்பிட்டுள்ளன. கையுறையும் மேலங்கியும் அணியச் சோம்பி, கதவருகிலேயே நின்று பேசிவிட்டுப் போவதும் நடக்கிறது. உறவினர்களுக்குக் காரணத்தைச் சொல்லாமல் கதவில் சிவப்பு அட்டையை மாட்டினால், தீண்டத்தகாத நோய் வந்துவிட்டதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

வீடு திரும்பிய பின் சுமப்பவர் தனித் தட்டில் உண்ணவோ, பேரக்குழந்தையைத் தூக்காமல் இருக்கவோ தேவையில்லை. கழிப்பறை சென்ற பின்னும், சமைக்குமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது போதுமானது. குடும்பத்தில் யாருக்காவது ஆறாத புண்ணோ, சிறுநீர்க் குழாயோ இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குடல் பாக்டீரியா சிலரிடம் மாதக்கணக்கிலும், சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் தங்கிவிடும். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும், சேர்க்கைச் சீட்டு எழுதும்போதே முந்தைய சோதனை முடிவைக் காட்டிவிட வேண்டும். தொற்று ஏற்பட்டுவிட்டால், முதல் ஊசி சரியான மருந்தாக அமைவதற்கு அந்த ஒரு தாளே உதவும்.